பாடம் 6: பிள்ளைகளின் மனதையும் கூட்டிக்கொண்டு போங்கள்



காணி, வீட்டுத்திட்டம், வாக்காளர் பதிவு ஆகியவை பற்றி இந்தக் கையேட்டின் மற்றப் பாடங்களில் வாசிக்கலாம். இந்தப் பாடம் உங்கள் பிள்ளைகளின் மனதைப் பற்றியது. லொறியில் சாமான் ஏற்றுகிற அவசரத்தில் கடைசியாக நினைவுக்கு வரும் விடயம் இதுதான். ஆகவே புறப்படுவதற்கு முன்பே வாசித்துவிடுங்கள். ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவர்களும் வாசிக்கலாம். பிந்திவிட்டது என்று ஒன்றுமில்லை.

விண்ணப்பப் படிவங்களில் உங்கள் குடும்பம் 'மீளத் திரும்பும் குடும்பம்' என்று எழுதப்படுகிறது. உங்களுக்கு அது சரியான சொல். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30 ஆம் திகதி கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவு மக்களில் பலர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். கொஞ்ச நாளைக்கு என்று நினைத்துக் கட்டிய கிடுகுக் கொட்டில்கள் ஆலங்குடா, நுரைச்சோலை, தில்லையடி, பாலாவி, நாகவில்லு என்று ஊர்களாகவே மாறிவிட்டன. 2009 மே மாதம் போர் முடிந்த பிறகுதான் திரும்பிப் போகும் வழி திறந்தது. அன்று வள்ளத்தில் உம்மாவின் மடியில் இருந்தவர்கள் இன்று பிள்ளை குட்டியோடு ஊர் போகிறார்கள்.

ஆனால் உங்கள் பிள்ளை எங்கே திரும்புகிறது? அது பிறந்தது புத்தளம் ஆஸ்பத்திரியில். நடை பழகியது களப்புக் கரையில். அதன் கூட்டாளிகள், அதன் மத்ரஸா, ஐஸ்பழம் விற்கிற கடை, கடன் சொல்லி மிட்டாய் வாங்குகிற பெட்டிக்கடை எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. சிலாவத்துறையோ எருக்கலம்பிட்டியோ யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவோ அதற்கு நீங்கள் சொன்ன கதையில் வருகிற இடம். நீங்கள் திரும்பும் அதே நாளில் உங்கள் பிள்ளை இடம்பெயர்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பிள்ளையின் அழுகை, கோபம், வயிற்றுவலி, மௌனம் எல்லாவற்றுக்கும் பாதி விளக்கம் கிடைத்துவிடும்.

புறப்படுவதற்கு முன்

1990 இல் நீங்கள் சிறுவராக இருந்தால், அன்றைக்கு என்ன நடக்கிறது என்று உங்களுக்கு யாரும் விளக்கவில்லை என்பது நினைவிருக்கும். பெரியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களுக்கே தெரியாது, நேரமும் இல்லை. இன்று உங்களிடம் நேரம் இருக்கிறது. அன்று உங்களுக்குக் கிடைக்காத இரண்டு விடயங்களை உங்கள் பிள்ளைக்குக் கொடுக்கலாம். ஒன்று, நடக்கப் போவதை முன்கூட்டியே சொல்வது. மற்றது, ஸலாம் சொல்லிப் பிரிந்து வர விடுவது.

சொல்லும்போது உள்ளதைச் சொல்லுங்கள். இங்கேதான் நாம் பெரும்பாலும் தவறுகிறோம். முப்பது வருடமாக முகாமில் இருந்துகொண்டு ஊரைப் பற்றிக் கதைத்துக் கதைத்து அதை ஒரு சுவனமாக ஆக்கி வைத்திருக்கிறோம். கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி, மீன் கரைக்கே வரும், முற்றத்தில் மாமரம் என்றெல்லாம் பிள்ளை கேட்டிருக்கிறது. போய்ப் பார்த்தால் முசலிப் பக்கத்தில் வளவு இருந்த இடத்தில் காடு நிற்கிறது. கிணறு தூர்ந்து கிடக்கிறது. இரவில் யானைப் பயம். வீடு கட்டி முடியும் வரை தகரக் கொட்டிலில்தான் படுக்கை. "இதுதானா உங்கட ஊர்?" என்று பிள்ளை கேட்டால் வாப்பாவுக்கு நெஞ்சில் அடித்தது போல இருக்கும், கை ஓங்கக்கூடத் தோன்றும். பிள்ளை உங்கள் ஊரை அவமதிக்கவில்லை. கேட்ட கதைக்கும் கண்ணால் காண்பதற்கும் இடையில் உள்ள தூரத்தை அளந்து பார்க்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே முன்பே சொல்லிவிடுங்கள். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். பாடசாலைக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், மலசலகூடம் எப்படி இருக்கும், எங்கே படுப்பது என்பவைதான் பிள்ளைகள் முதலில் அறிய விரும்புகிறவை. பெரியவர்களுக்கு அற்பமாகத் தோன்றும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இரவில் வெளியே போவதுதான் உலகத்தின் மிகப் பெரிய பிரச்சினை. முடிந்தால் பாடசாலை விடுமுறையில் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வாருங்கள். காணி பார்க்கப் போகும் வாப்பாவோடு ஒரு பிள்ளையாவது கூடப் போனால், திரும்பி வந்து மற்றப் பிள்ளைகளுக்கு அது சொல்லும் செய்தியை அவர்கள் நம்பிக் கேட்பார்கள்.

தவணை நடுவில் பிள்ளையைக் கிளப்பாமல் தவணை முடிவில் போவது நல்லது. விடுகைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை மூன்றையும் ஒரே உறையில் போட்டுக் கையோடு வைத்திருங்கள். இவை இல்லாமல் புதிய பாடசாலையில் பல நாட்கள் பெயரில்லாமல் உட்காருகிற பிள்ளை தன்னை வேண்டாத விருந்தாளியாகவே எண்ணிக்கொள்ளும்.

பிறகு விடைபெறுதல். ஆசிரியரிடம், மத்ரஸா லெப்பையிடம், பக்கத்து வீட்டு உம்மாவிடம், கூட்டாளிகளிடம் பிள்ளை தானே போய்ச் சொல்லிவிட்டு வரட்டும். முகாமில் மௌத்தான மூத்தாப்பாவின் கபுறு இங்கேதான் இருக்கிறது. மையவாடிக்குக் கூட்டிப் போய் துஆச் செய்யவிடுங்கள். பிள்ளை எதைக் கொண்டுபோக விரும்புகிறது என்றும் கேளுங்கள். உடைந்த கிரிக்கெட் மட்டையாக இருக்கும், களப்பில் பொறுக்கிய சோகியாக இருக்கும். லொறியில் இடமில்லை என்று சொல்ல வேண்டாம். 1990 இல் எதை எடுப்பது என்று நம்மைக் கேட்க யாருமிருக்கவில்லை.

ஊரில் வளர்க்கிற ஆட்டுக்குட்டியையும் கழுதையையும் பற்றிச் சில பிள்ளைகள் கவலைப்படலாம். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தெருவில் திரிகிற மாதிரி மன்னாரிலும் கழுதைகள் உண்டு. இதைச் சொன்னால் சின்னப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். பழகிய ஒன்று போகிற இடத்திலும் இருக்கிறது என்பது அவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

ஒரு பிள்ளையை இங்கே விட்டுவிட்டுப் போகலாமா?

இந்தக் கேள்வி ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களிலும் வரும். வாப்பா முதலில் போய்க் காடு வெட்டிக் கொட்டில் போடுகிறார். உம்மா கைக்குழந்தையோடு பின்னால் போகிறார். க.பொ.த. சாதாரண தரம் எடுக்கப் போகிற மூத்த பிள்ளை மூத்தும்மாவோடு புத்தளத்திலேயே நிற்கிறது. ஒரு குடும்பம் இரண்டு அடுப்பு. அங்குள்ள பாடசாலையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லையென்றால் இதில் நியாயமும் இருக்கிறது. நாம் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் அதன் விலையை அறிந்துகொண்டு செய்யுங்கள்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939 செப்டெம்பரில் குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டன் முதலிய நகரங்களிலிருந்து இலட்சக்கணக்கான பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து நாட்டுப்புறங்களுக்கு அனுப்பினார்கள். அந்தப் போர்க்காலத்தில் லண்டனில் சிறுவர் இல்லங்கள் நடத்திய அன்னா புரொய்ட், டொரதி பேர்லிங்ஹாம் என்ற இருவர் பிள்ளைகளைக் கூர்ந்து கவனித்து எழுதினார்கள். தாயோடு இருந்த சின்னப் பிள்ளைகள் குண்டுச் சத்தத்தைக்கூட ஓரளவு தாங்கிக்கொண்டன. பாதுகாப்பான இடத்தில் தாயில்லாமல் இருந்த பிள்ளைகள்தான் அதிகம் வாடின. தாய் பதறினால் பிள்ளை பதறியது. தாய் அமைதியாக இருந்தால் பிள்ளையும் தூங்கியது.

ஆகவே ஐந்து, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கூடுமானவரை பிரிக்காதீர்கள். கொட்டிலானாலும் உம்மாவோடு இருக்கட்டும். வளர்ந்த பிள்ளையை விடுவதானால், முடிவை அதோடு கதைத்து எடுங்கள். எத்தனை மாதம் என்று சொல்லுங்கள். எப்போது வந்து பார்ப்பீர்கள் என்று நாள் குறித்து அந்த நாளில் வாருங்கள். சொன்ன நாளில் வர முடியாவிட்டால் முதல் நாளே போன் எடுத்துச் சொல்லுங்கள். மூத்தும்மாவின் உடம்பையும் யோசியுங்கள். எழுபது வயதில் ஒரு பதினாறு வயதுப் பையனைக் கட்டி மேய்ப்பது இலேசில்லை. இரவில் அவன் எங்கே போகிறான் என்று கவனிக்கப் பக்கத்தில் ஒரு மாமாவோ நானாவோ இருப்பது அவசியம்.

போய்ச் சேர்ந்த முதல் மாதங்கள்

சின்னப் பிள்ளைகள் மனக் கஷ்டத்தை வாயால் சொல்ல மாட்டார்கள், உடம்பால் சொல்வார்கள். விட்டுப்போன பழக்கங்கள் திரும்ப வரும்: படுக்கையில் சிறுநீர் போவது, விரல் சூப்புவது, உம்மாவின் உடுப்பைப் பிடித்துக்கொண்டே திரிவது. காலையில் பாடசாலைக்குப் போகும் நேரத்தில் வயிற்றுவலி வரும், பத்து மணிக்கு மாறிவிடும். அது நடிப்பில்லை. வலி உண்மையாகவே இருக்கிறது. அதன் காரணம்தான் வயிற்றில் இல்லை. ஏசுவதாலும் அடிப்பதாலும் இவை கூடுமே தவிரக் குறையாது. பாயை மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் கழுவிக் காயப் போடுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில வாரங்களில் இவை தாமாகவே நின்றுவிடும்.

நம்மில் பலர் இந்த நேரத்தில் கண்ணூறு என்றும் வெருண்டுபோயிருக்கிறது என்றும் சொல்லி ஓதிப் பார்க்கக் கூட்டிப் போவார்கள். போங்கள். பிள்ளையின் தலையில் கைவைத்து ஒருவர் ஓதுவதும், அன்றைக்கு வீடே அதைக் கவனிப்பதும் பிள்ளைக்கு இதமாகத்தான் இருக்கும். அதோடு நிறுத்திவிடாமல் கீழே சொல்லியிருக்கிற அறிகுறிகள் இருந்தால் வைத்தியரிடமும் காட்டுங்கள். ஒன்று மற்றதற்குத் தடையில்லை. ஆனால் பேயோட்டுகிறேன் என்று பிள்ளையை அடிப்பவர், புகை போடுபவர், கட்டிவைப்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.

மருந்தைவிடப் பிள்ளைக்கு அதிகம் உதவுவது ஒழுங்கான நாள். சுபஹுக்கு எழும்புவது, பாடசாலை, பகல் சோறு, அஸருக்குப் பிறகு விளையாட்டு, மஃரிபுக்குப் பிறகு ஓதல், ஒரே நேரத்தில் படுக்கை. வீடு கட்டி முடிந்த பிறகு ஒழுங்கு பார்ப்போம் என்று தள்ளிப் போடாதீர்கள். சுவர் எழும்ப முன்னமே ஒழுங்கை எழுப்பிவிடலாம், அதற்குச் சீமெந்து வேண்டியதில்லை. விளையாட்டை நேரவிரயம் என்று நினைக்காதீர்கள். பிள்ளைகள் கண்டதையும் பயந்ததையும் விளையாடித்தான் செரிக்கிறார்கள். லொறியில் சாமான் ஏற்றி இறக்குகிற விளையாட்டையே ஒரு மாதம் விளையாடினாலும் விட்டுவிடுங்கள்.

எங்கே விளையாடலாம் என்பதை மட்டும் நீங்கள் தீர்மானியுங்கள். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை உள்ள இடத்துக்குள் கால் வைக்கக்கூடாது. தெரியாத இரும்புப் பொருளைத் தொடாமல், எறியாமல், வந்து பெரியவரிடம் சொல்ல வேண்டும். இதைப் பயமுறுத்திச் சொல்லாமல், ரோட்டைக் கடக்கச் சொல்லிக் கொடுப்பது போலச் சொல்லிக் கொடுங்கள்.

பாடசாலையில் ஒரு சின்ன விடயம் பெரிதாகக் குத்தும். இங்கே புத்தளத்தில் நம் பிள்ளைகளை 'அகதி' என்று கூப்பிட்டவர்கள் இருந்தார்கள். அங்கே போனதும் 'புத்தளத்தான்' என்று ஒரு பட்டம் வரக்கூடும். பேச்சு வேறு, பழக்கம் வேறு என்று சிரிப்பார்கள். இரண்டு ஊரிலும் வெளியாள் என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் இறங்க விடாதீர்கள். "நீ இரண்டு ஊர்ப் பிள்ளை" என்று சொல்லிப் பழக்குங்கள். நாகவில்லுவில் எருக்கலம்பிட்டிப் பெயரோடு ஒரு பாடசாலையே இருக்கிறது. ஊர்ப் பெயரை நாம் இங்கே சுமந்து வந்தது போல, இந்த ஊரையும் அங்கே சுமந்து போவதில் வெட்கமில்லை. வகுப்பாசிரியரை முதல் கிழமையிலேயே சந்தித்துப் பிள்ளையின் பெயரையும் நிலைமையையும் சொல்லிவிடுங்கள்.

"எங்கள ஏன் போகச் சொன்ன?"

இந்தக் கேள்வி ஒரு நாள் வரும். இடிந்த பள்ளிவாசலைக் காணும்போது வரும், அல்லது தமிழ்ப் பிள்ளை ஒன்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அன்று வரும். கேள்வியை மடக்காதீர்கள். "சின்னப் பிள்ளைக்கு அதெல்லாம் எதுக்கு" என்றால் பிள்ளை வேறு யாரிடமாவது கேட்கும். அங்கே கிடைக்கும் பதில் உங்கள் பதிலைவிட மோசமாக இருக்கலாம்.

வயதுக்கு ஏற்ற அளவில் உண்மையைச் சொல்லுங்கள். ஆறு வயதுக்கு: "அப்ப சண்டை நடந்த. ஆயுதம் வச்சிருந்தவங்க எங்களப் போகச் சொன்னாங்க. இப்ப சண்டை முடிஞ்சிட்டு." இது போதும். பன்னிரண்டு வயதுக்குத் திகதியும் செய்தவர்களின் பெயரும் சொல்லலாம். சொல்லும்போது துவக்கு வைத்திருந்தவர்களையும் பக்கத்து வீட்டாரையும் ஒன்றாக்கி விடாதீர்கள். அழுதுகொண்டு வழியனுப்பிய அயலவர் உங்கள் குடும்பக் கதையில் இருந்தால் அவரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பக்கத்து மேசையில் இருக்கும் தமிழ்ப் பிள்ளையின் குடும்பமும் போரில் ஓடியிருக்கும், யாரையாவது இழந்திருக்கும். உங்கள் இழப்பைச் சிறிதாக்கிக்கொண்டு இதைச் சொல்ல வேண்டியதில்லை. நடந்தது அநியாயம், அதை அநியாயம் என்றே சொல்லலாம். ஆனால் அந்தச் சுமையைப் பழிவாங்கும் கடனாகப் பிள்ளையின் தோளில் ஏற்ற வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தனி ஆளை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று எழுதி வந்திருக்கிறார். நம் வீடுகளில் அதைக் காணலாம். ஒக்டோபர் மாதம் வந்தால் மூத்தும்மா சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வார், வாப்பாவின் குரல் உயரும். ஏன் என்று பிள்ளைக்குத் தெரியாது. தன்னால்தான் என்று நினைத்துக்கொள்ளும். "எனக்கு இன்டைக்குப் பழைய நினைவு, உன்னால இல்ல" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிள்ளைக்கு முன்னால் அழக்கூடாது என்றில்லை. அழுதுவிட்டு எழும்பிச் சோறாக்குவதைப் பிள்ளை காண்பது நல்லது. இரவில் தூக்கமில்லை, கோபம் அடங்கவில்லை, எதிலும் மனமில்லை என்று வாரக்கணக்கில் இருந்தால் பெற்றோராகிய உங்களுக்கே உதவி தேவை. அதைத் தேடுவதும் பிள்ளைக்குச் செய்கிற உதவிதான்.

வளர்ந்த பிள்ளைகள்

பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இழப்பு அதிகம். அவர்களின் உலகமே கூட்டாளிகள்தான். போனில் அவர்களோடு கதைக்க விடுங்கள். ரீலோட் காசு வீண் செலவில்லை. பையன்கள் அடக்கிவைத்துக் கோபமாக வெளிப்படுத்துவார்கள்; சிலர் படிப்பை விட்டுக் கடலுக்கோ கூலிக்கோ போகப் பார்ப்பார்கள். வீட்டு வேலையில் பங்கு கொடுங்கள், படிப்பை விடச் சம்மதிக்காதீர்கள். வீட்டின் வரைபடம் போடும்போது அவனது யோசனையையும் கேட்டால், அது அவனுடைய வீடாகத் தொடங்கும்.

பெண் பிள்ளைகளின் கஷ்டம் வேறு. கதவில்லாத மலசலகூடம், மறைப்பில்லாத கிணற்றடி, நீண்ட காட்டுப் பாதை. இவற்றைச் சொல்ல வெட்கப்பட்டுக் குளிப்பதையும் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. வீட்டுக்கு முன்பே மறைப்பைக் கட்டுங்கள். பாடசாலை தூரம் என்பதற்காகப் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசிவிடுவது பிரச்சினையைத் தீர்ப்பது போலத் தோன்றும். பதினாறு வயதுப் பிள்ளையின் மனதுக்கு அது அடுத்த இடப்பெயர்வு. நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து போக ஒரு ஏற்பாடு செய்ய முடியுமா என்று முதலில் மற்றப் பெற்றோரோடும் பள்ளிவாசல் நிர்வாகத்தோடும் கதைத்துப் பாருங்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்

மேலே சொன்னவை ஒரு மாதத்துக்கு மேலாகக் குறையாமல் இருந்தால். பிள்ளை சாப்பிடாமல் மெலிந்தால். முன்பு கதைத்த பிள்ளை கதைப்பதை நிறுத்தினால். பெரியவர் ஒருவரைக் கண்டு காரணமில்லாமல் ஒதுங்கினால். தன்னைத் தானே காயப்படுத்தினால் காத்திருக்க வேண்டாம். "நான் இல்லாம இருந்தா நல்லம்" என்று சொன்னால் அன்றைக்கே நடவடிக்கை எடுங்கள். சும்மா சொல்கிறது என்று விடாதீர்கள். சாக எண்ணுகிறாயா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டால்தான் பிள்ளை வாய் திறக்கும். பூச்சி மருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள், பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். குழந்தை நிறுக்க வருகிற மிஸ்ஸிதான். அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு வழிகாட்டுவார். மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உள்ளன; அரசாங்க வைத்தியசாலை என்பதால் கட்டணம் இல்லை. உளநலப் பிரிவுக்குப் போனால் விசர் என்று ஊர் சொல்லும் என்ற பயம் நமக்கு இருக்கிறது. கால் முறிந்தால் எலும்பு வைத்தியரிடம் போவதை ஊர் ஒன்றும் சொல்வதில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் ஆலோசனை இலக்கம் 1926. பிள்ளையை யாராவது அடித்தாலோ, தகாத முறையில் தொட்டாலோ, வேலைக்கு அமர்த்தினாலோ தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு எடுங்கள். தமிழில் கதைக்கலாம். பிள்ளையும் தானே எடுக்கலாம். ஆகவே இந்த இரண்டு இலக்கங்களையும் பெரிய எழுத்தில் எழுதி, பிள்ளையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் கொட்டிலின் தூணில் ஒட்டி வையுங்கள்.